செர்ரியா, ஆப்ரிகாட்டா? பிரஸ்ஸல்ஸில் ஒரு பழ பியர் தேர்ந்தெடுக்க

பிரஸ்ஸல்ஸில் ஒரு மாலை கையில் இருக்கிறது, பழம் போட்ட பியர் ஒன்றைக் குடித்துப் பார்க்க வேண்டும், எதை வாங்குவது? இப்படிக் கேட்கும் நண்பர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு பழத்தின் பெயரை. செர்ரி, ராஸ்பெர்ரி, பீச், ஆப்ரிகாட் என்று ஏதாவது ஒன்று. நான் பதிலுக்கு வேறொன்றைக் கேட்பேன்: பழத்தின் சர்க்கரை பாட்டிலில் மிச்சம் இருக்க வேண்டுமா, இல்லை ஈஸ்ட் அதை மொத்தமாகத் தின்று தீர்த்திருக்க வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடை அலமாரியில் பாதி தானாகவே கழிந்துவிடும். மீதியில் எந்தப் பழம் என்பது அதற்கப்புறம் பேச வேண்டிய விஷயம்.

ஒப்பிடுவதற்கு நான்கு பாட்டில்களை எடுத்துக்கொள்கிறேன். லிண்டெமான்ஸ் பெஷ்ரெஸ் (பீச்), பூன் கிரீக் (செர்ரி), அதே பூனின் அவுடே கிரீக், பிறகு கான்டியோனின் ஃபூஃபூன் (ஆப்ரிகாட்). நான்குமே லாம்பிக் என்ற ஒரே வகை பியரிலிருந்து பிறந்தவை. சாதாரண பியரில் பழச்சாற்றைக் கலந்து விற்பவையும் பெல்ஜியத்தில் நிறைய உண்டு. அவற்றை இங்கே சேர்க்கவில்லை, அவற்றுக்காகப் பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டியதும் இல்லை.

லாம்பிக் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் இந்த நான்கின் வித்தியாசம் நாக்கில் பிடிபடும். பிரஸ்ஸல்ஸ் நகரத்திலும் அதன் தென்மேற்கே சேன் ஆற்றை ஒட்டிய பயோட்டன்லாண்ட் கிராமங்களிலும் காய்ச்சும் பியர் இது. முளைகட்டாத கோதுமை குறைந்தது 30 சதவீதம், மீதி பார்லி மால்ட். ஹாப்ஸ் என்ற பூவையும் வருடக்கணக்கில் வைத்துப் பழசாக்கித்தான் போடுகிறார்கள். அதன் கசப்போ வாசமோ இங்கே தேவையில்லை, வேண்டாத பாக்டீரியாவைத் தடுத்தால் போதும். காய்ச்சிய சாற்றை ஆழமில்லாத, அகலமான தொட்டியில் ஊற்றி இரவு முழுவதும் திறந்து வைப்பார்கள். ஈஸ்டை யாரும் அளந்து போடுவதில்லை. காற்றிலும் மரச்சட்டங்களிலும் பீப்பாய்களிலும் குடியிருக்கும் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் வந்து வேலையைத் தொடங்கிவிடும். இரவுக் குளிர் இல்லாவிட்டால் கெட்ட கிருமிகளும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சும் பருவம். பிறகு ஓக் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் கிடக்கும். அப்படி வெளிவரும் லாம்பிக் நுரையே இல்லாமல், புளித்துப்போய், துளி இனிப்பும் இல்லாமல் இருக்கும். பழம் போடுவது அதற்குப் பிறகு.

பழத்தோடு சர்க்கரையும் உள்ளே போகிறது, பீப்பாயில் இருக்கும் ஈஸ்ட் அதைப் பார்த்துச் சும்மா இருக்காது. விட்டால் முழுவதையும் தின்றுவிடும். மிஞ்சுவது பழத்தின் நிறம், புளிப்பு, தோலின் துவர்ப்பு, கொட்டையின் வாசம். இனிப்பு வேண்டுமென்றால் தயாரிப்பவர் குறுக்கே வந்தாக வேண்டும்: சாறோ சர்க்கரையோ சேர்த்து, ஈஸ்ட் மறுபடி கிளம்பாமல் இருக்கச் சூடேற்றி அடக்க வேண்டும். உயிருள்ள ஈஸ்டும் சாப்பிட ஏதாவதும் மூடிய பாட்டிலுக்குள் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பேர்சலில் உள்ள த்ரீ ஃபோன்தேய்னன் என்ற லாம்பிக் பட்டறையின் கிடங்கில் 2009-இல் நடந்ததே சாட்சி. வெப்பநிலைக் கருவி கோளாறாகிக் கிடங்கு சூடேறி, ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்துச் சிதறின. தப்பிப் பிழைத்தவையும் பியராக விற்க முடியாத நிலைக்குப் போய்விட்டதால், அவற்றைக் காய்ச்சி வடித்து மதுசாரமாக்கி விற்றார்கள்.

சரி, நாக்குக்கு வருவோம்.

லிண்டெமான்ஸ் குடும்பம் 1822 முதல் ஃபிலேசன்பேக் கிராமத்தில் இருக்கிறது, ஆரம்பத்தில் விவசாயப் பண்ணை. பெஷ்ரெஸ் அவர்களின் பீச் லாம்பிக், போதை வெறும் 2.5 சதவீதம். மூடியைத் திறந்ததுமே பீச் வாசம் மேசை முழுக்கப் பரவிவிடும். கோப்பையில் மூக்கை நுழைக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வாயில் இனிப்பு, நன்றாகப் பழுத்த பீச், மெல்லிய நுரை. இரண்டாவது வாயில் நாக்கின் ஓரங்களில் ஒரு புளிப்பு எட்டிப் பார்க்கிறது, அடுத்த நொடியே இனிப்பு வந்து அதை மூடிவிடுகிறது. கீழே லாம்பிக் இருக்கிறது என்று அடையாளம் காட்டுவது அந்தக் கணம் மட்டும்தான். சில்லென்று இருக்கும்வரை ரசிக்கலாம். கோப்பை சூடேறினால் திகட்டல் தொடங்குகிறது, இரண்டாவது பாட்டிலுக்கு எனக்கு ஆர்வம் வருவதில்லை. ஆனால் இதை இளப்பமாகப் பேசும் பியர் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பியர் கசப்பு பிடிக்காது என்று பத்து வருடமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவரை மேசைக்கு இழுக்க இதைவிட நல்ல பாட்டில் தெரியவில்லை. புளிப்பு மூலப்பொருள் உண்மையானது என்பதால் வெறும் பழ சோடாவாகவும் அது ஆகிவிடவில்லை.

பூன் கிரீக் இதற்கும் அடுத்ததற்கும் நடுவில் நிற்கும் பாட்டில். 4 சதவீதம், சாறு மட்டுமல்லாமல் முழுச் செர்ரியும் போட்டது, இனிப்பும் ஓரளவு விட்டது. சிவப்பு நிறம், இளஞ்சிவப்பு நுரை, வெயில் நேரத்தில் வெளியே உட்கார்ந்து குடிக்க இதமான பியர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு பாட்டில்தான் என்றால் இதற்கு அந்த இடத்தைக் கொடுக்க மாட்டேன். இனிப்பு வேண்டுபவருக்குப் பெஷ்ரெஸ் தாராளமாக இருக்கிறது, இனிப்பு வேண்டாதவருக்கு அதே பட்டறையின் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறான்.

அந்த அண்ணன்தான் அவுடே கிரீக். லேபிளில் கிரீக்குக்கு முன்னால் ஓ, யு, டி, இ என்ற நான்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது அலங்காரத்துக்குப் போட்டது அல்ல. பாரம்பரிய முறைப்படி செய்து, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்க விட்ட லாம்பிக் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு விதி 1990-களிலிருந்து இருக்கிறது. கடையில் நிற்பவருக்கு அதைவிடச் சுருக்கமான வழிகாட்டி கிடைக்காது.

ஃபிராங்க் பூன் 1970-களில் லெம்பேக்கில் ஒரு பழைய பட்டறையை வாங்கி இதைத் தொடங்கியபோது லாம்பிக் தொழிலே அழிந்துகொண்டிருந்தது. ஊரெங்கும் சின்னப் பட்டறைகள் மூடிக்கொண்டிருந்த காலம். இன்று இந்த வகை பியரைச் சூப்பர் மார்க்கெட்டிலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவுடே கிரீக்கைக் கோப்பையில் ஊற்றினால் அடர்ந்த மாணிக்கச் சிவப்பு. நுரை இளஞ்சிவப்பாக எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். வாசத்தில் முதலில் செர்ரித் தோல், கொஞ்சம் பொறுத்தால் கசப்புப் பாதாம். கொட்டையோடு பழத்தை ஊறப்போட்டதால் வரும் வாசம் அது, சாறு மட்டும் சேர்த்த பியரில் இவ்வளவு தெளிவாக வராது. அடியில் ஓக் மரமும் காய்ந்த வைக்கோலும். வாயில் வைத்தால் நிறம் பார்த்து எதிர்பார்த்த இனிப்பு வரவே வராது. புளிப்பும் துவர்ப்பும்தான். கன்னத்தின் உள்பக்கம் லேசாக இழுக்கும். ஆனால் விழுங்கி முடித்து, நெல்லிக்காய் தின்றவன் தண்ணீர் குடித்த மாதிரி, எங்கிருந்தோ ஓர் இனிப்பு நாக்கில் ஊறுகிறது. சர்க்கரையே இல்லாத பியரில் செர்ரி முழுசாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். இதன் மூத்த வடிவமான மாரியாஜ் பர்ஃபே 8 சதவீதம். லிட்டருக்கு 400 கிராம் செர்ரி போடுகிறார்கள். அது இன்னும் கனம், கிட்டத்தட்ட சிவப்பு வைன் அருந்தும் வேகத்தில்தான் குடிக்க முடியும்.

செர்ரி பற்றி ஒரு வார்த்தை. பிரஸ்ஸல்ஸின் வடகிழக்கில் இருக்கும் ஸ்கார்பேக் ஒரு காலத்தில் புளிச் செர்ரித் தோப்புகளுக்குப் பேர் போனது. கழுதை முதுகில் ஏற்றி நகரச் சந்தைக்குக் கொண்டுவருவார்களாம், அந்த ஊருக்குக் கழுதைகளின் ஊர் என்ற பட்டமே இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். ஸ்கார்பேக் ரகச் செர்ரி அங்கங்கே வீட்டுத் தோட்டங்களில் காய்க்கிறது, தொழிலுக்குப் போதுமான அளவு கிடையாது. பெரும்பாலான கிரீக் இன்று வெளியூர்ப் பழத்தில்தான் உண்டாகிறது. லேபிளில் ஸ்கார்பேக் செர்ரி என்று தனியாகப் போட்டிருந்தால் விலையும் தனியாகத்தான் இருக்கும். கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் முதல் பாட்டிலாக அல்ல.

இனி ஃபூஃபூன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கான்டியோன் பட்டறை 1900-த்தில் தொடங்கியது. ஆன்டர்லெக்ட் பகுதியில், மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் வசதி: கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மிடியில் இறங்கிவிடலாம். 1978 முதல் பட்டறையே அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. மேலே கூரைக்கடியில் செம்புத் தொட்டி, கீழே வரிசை வரிசையாகப் பீப்பாய்கள், மூலைக்கு மூலை சிலந்தி வலை. வலையைக் கலைக்க மாட்டார்கள். பழம் வரும் பருவத்தில் மொய்க்கும் பூச்சிகளைப் பிடித்துத் தருவது அந்தச் சிலந்திகள்தான், மருந்தடித்தால் ஈஸ்டுக்கும் ஆகாது. இங்கே விற்கும் எதிலும் இனிப்பு சேர்ப்பதில்லை, நான்கு வழிகளில் மிகக் கறாரான வழி இவர்களுடையது.

ஃபூஃபூன் ஆப்ரிகாட் லாம்பிக். பிரான்ஸின் தெற்கிலிருந்து பெர்ஜெரோன் ரக ஆப்ரிகாட் ஜூலையில் வந்து இறங்கும். கொட்டையை நீக்கி, ஏறக்குறைய இரண்டு வருடம் ஊறிய லாம்பிக்கில் போட்டுச் சில வாரம் விடுவார்கள். செர்ரியைவிட ஆப்ரிகாட் மென்மையான பழம், நிறமும் தருவதில்லை. அதனால் கோப்பையில் பார்க்க ஒன்றும் விசேஷமில்லை: கலங்கிய தங்க நிறம், மெல்லிய வெள்ளை நுரை, அதுவும் சீக்கிரம் வடிந்துவிடும். தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் பழம் போட்டது என்று சொல்லவே மாட்டார்.

மூக்கருகே கொண்டுபோனால் கதை மாறுகிறது. ஆப்ரிகாட்தான், ஆனால் ஜாமில் வரும் ஆப்ரிகாட் அல்ல. பழத்தின் தோலில், அந்தப் பூமயிர் இருக்கும் இடத்தில் வரும் வாசம். அதன் பின்னாலேயே எலுமிச்சைத் தோல், பிறகு ஈரமான நிலவறை, வைக்கோல், மிக லேசாகப் பழைய தோல்பை. இந்தக் கடைசி மூன்றும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டின் கைவேலை. முதன்முறை முகர்பவர் கொஞ்சம் தயங்குவார், பழ வாசமும் தொழுவ வாசமும் ஒரே கோப்பையில் எப்படி என்று. பெஷ்ரெஸில் பழம் முன்னால் வந்து மற்றதை மறைத்துக்கொண்டு நின்றது. இங்கே இரண்டும் சரிக்குச் சரி.

குடித்தால் முதலில் புளிப்பு, அதுவும் தயக்கமே இல்லாத புளிப்பு. பூன் கிரீக்கிலிருந்து நேராக இதற்கு வருபவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முதல் அலை இறங்கியதும்தான் பழம் வருகிறது. சதையின் சுவை அல்ல, சதை போன பிறகு எஞ்சும் சுவை: கொஞ்சம் பூ வாசம், கொஞ்சம் துவர்ப்பு, மேலண்ணத்தில் ஆப்ரிகாட் என்று அடையாளம் தெரிந்து, பிடிப்பதற்குள் மறைந்துவிடும் ஒன்று. அதைப் பிடிக்கவே அடுத்த வாய். இனிப்பு பழத்துக்கு எவ்வளவு தேவை என்று நாம் நினைத்திருக்கிறோமோ அவ்வளவு தேவையில்லை என்று இந்த பியர் வாதாடுகிறது. நான் ஒப்புக்கொள்கிறேன், எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். என்னோடு உட்கார்ந்த ஒருவர் பாதிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு நஷ்டமில்லை.

பிரச்சினை, ஆப்ரிகாட் வாசத்துக்கு ஆயுள் குறைவு. செர்ரி வருடங்களைத் தாங்கும், பாதாமும் மரமும் கூடிக்கொண்டே போகும். ஆப்ரிகாட் அப்படி அல்ல. பாட்டில் பழசாகப் பழசாகப் பழம் பின்வாங்கி, வெறும் புளித்த லாம்பிக் முன்னுக்கு வந்துவிடும். அதுவும் நல்ல பியர்தான், ஆனால் அதற்கு ஆப்ரிகாட் விலை கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, இது தேடித் தேடி வாங்கும் பியராகிவிட்டது. பட்டறையிலேயே பல சமயம் அங்கே திறந்து குடிக்க மட்டும்தான் தருவார்கள், கொண்டுபோக அல்ல. வெளியே ஏலத்திலும் கைமாற்று விற்பனையிலும் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அப்படி வாங்கிய மூன்று வருடப் பழைய பாட்டிலை ஒருவர் பெருமையாகத் திறந்தபோது ஆப்ரிகாட்டை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தேடினோம். என் கணக்கில் ஃபூஃபூன் குடிக்க ஒரே நியாயமான இடம் பட்டறை மேசை, நல்ல காலம் புதுப் பழம் பாட்டிலாகி வரும் இலையுதிர் பருவமும் அதை ஒட்டிய மாதங்களும்.

அது அன்றைக்கு இல்லை என்றால் கவலை வேண்டாம். ராஸ்பெர்ரி போட்ட ரோஸே து கம்பிரினுஸ் பெரும்பாலும் இருக்கும், வாசம் அள்ளும், புளிப்பும் அதே கறார். மெர்லோ போன்ற வைன் திராட்சை போட்ட சான் லாம்வினுஸ் கிடைத்தால் வைன் குடிப்பவர்கள் விடக்கூடாது. ருபார்ப் தண்டு போட்டதும் ஒன்று உண்டு, நத் என்று பெயர். புளித்த பியரில் புளித்த தண்டைப் போடுவது யாருக்குத் தோன்றியதோ. எனக்கு அது ஓர் ஆர்வத்துக்கு ஒரு கோப்பை, அதற்கு மேல் இல்லை.

எதை வாங்கினாலும் ஐஸ் குளிரில் வேண்டாம். பெஷ்ரெஸுக்கு மட்டும் குளிர் நல்லது. மற்றவை 10, 12 டிகிரியில்தான் வாய் திறக்கும். கார்க் போட்ட பாட்டிலில் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், ஆட்டாமல் சாய்த்து ஊற்றினால் போதும். முதல்முறை என்றால் 375 மில்லி பாட்டிலே எடுங்கள், 750 மில்லி பாட்டிலைப் பகிர மூன்று பேராவது வேண்டும். வெறும் வயிற்றில் இந்தப் புளிப்பு ஒத்துவராது. பிரஸ்ஸல்ஸ்காரர்கள் இதனுடன் ரொட்டியில் தடவிய புதிய வெள்ளைச் சீஸும் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் சாப்பிடுவார்கள், அந்த ஜோடியைச் சோதித்துப் பார்க்காமல் லாம்பிக்கைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

ஆக, யாருக்கு எது? பியரே பிடிக்காதவருக்குப் பெஷ்ரெஸ். தயிரும் ரசமும் ஊறுகாயும் பழகிய நாக்குக்குப் புளிப்பு ஒரு தடையே இல்லை என்பதால், மற்ற எல்லோருக்கும் முதல் பாட்டில் பூன் அவுடே கிரீக் என்பேன். கிடைப்பது சுலபம், விலையும் கையைக் கடிக்காது, புளிப்பு கான்டியோன் அளவுக்கு மிரட்டாது, சர்க்கரை போன பழம் எப்படி இருக்கும் என்பதை முழுதாகச் சொல்லிவிடும். அது பிடித்துப்போனால் மட்டும் மறுநாள் ஆன்டர்லெக்ட்டுக்கு நடந்து ஃபூஃபூன் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்த நடை மிச்சம், உள்ளூர் சாக்லேட் கடைகளும் மோசமில்லை.

ஊருக்குக் கொண்டுபோக என்றாலும் அவுடே கிரீக்தான். கார்க்கும் கம்பியும் இறுக்கமானவை, வீட்டில் இருட்டும் குளிர்ச்சியுமான ஓர் அலமாரி இருந்தால் சில வருடம் அப்படியே விட்டுவைக்கலாம். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள், வந்து இறங்கிய அன்றே திறக்காதீர்கள். அடியில் படிந்தது மறுபடி படிய இரண்டு மூன்று நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும்.